ஒரு குறையும் இல்லைங்க

ஜூன் 18, புதன்

கயல்விழி டீச்சரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் யாரும் வரவில்லை, ஒரு போன்தான். வட்டாரக் கல்வி அலுவலர் மேடம் காலையில் பேசினார். டவுனில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் கூடிவிட்டார்களாம், ஆசிரியர் போதவில்லையாம். "ஒரு மாசத்துக்கு மட்டும் மாற்றுப் பணிங்க சார். நீங்க சமாளிச்சுக்குவீங்கல்ல?" என்றார். "சரிங்க மேடம்" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவர் என்ன கேட்டார் என்பதே என் மண்டையில் ஏறியது.

இதுதான் என் வியாதி. அதிகாரி குரல் கேட்டால் என் நாக்கு எனக்கு முன்னால் கிளம்பிவிடும். பிரான்சிஸ் சார் தங்கமானவர் என்று ஊரில் பெயர். தங்கம்தான். யார் வேண்டுமானாலும் உருக்கலாம்.

கயல்விழி மத்தியானம் வரை வகுப்பு எடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஒரு மாசந்தானுங்க சார், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துருவேன்" என்றார். அவருக்கே நம்பிக்கை இல்லாத குரல்.

இரண்டு அறை, ஐந்து வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். பின்னால் கள்ளி வேலி போட்ட இட்டேரிப் பாதை, அதைத் தாண்டினால் பாசன வாய்க்கால். ஆகஸ்ட்டில் தண்ணீர் விடுவார்கள். நேற்று வரை இருவர் பார்த்துக்கொண்டோம். நாளையிலிருந்து நான் ஒருவன்.

ஜூன் 19, வியாழன்

ஒரு நாள் போனது. எப்படிப் போனது என்று கேட்காதே.

ஜூன் 27, வெள்ளி

வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

இரண்டு அறைக்கும் நடுவில் வராந்தாவில் நாற்காலி போட்டால் இரண்டு பக்கமும் ஒரு கண்ணாவது வைக்கலாம். மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஒரு அடி அடித்தால் எல்லா வகுப்பும் வாசிப்பு. இரண்டு அடி என்றால் எழுத்து. மூன்று அடி, கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சின்ன வகுப்பின் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். மணி அடிக்கும் பொறுப்பு ஷைமாவுக்கு. கெட்டிக்காரி. நான் செயலியில் வருகைப் பதிவை ஏற்றிக்கொண்டிருந்தாலும், அலுவலகத்திலிருந்து போன் வந்தாலும் அவள் பாட்டுக்கு மணியை அடித்து எல்லாரையும் திருப்பிவிடுகிறாள்.

இன்று முதல்முறையாகச் சத்தமில்லாமல் ஒரு பாடவேளை முழுசாகப் போனது. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை வந்தது. வந்ததை மறைப்பானேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு தலைமை ஆசிரியர் எழுதுகிற விஷயமா இது என்று தெரியவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொல்வது? பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போனால் எந்த அறையும் கண்ணில் படாது. போன வாரம் போய்விட்டு வருவதற்குள் ஒருவன் ஜன்னல் கம்பியில் தலையை விட்டு மாட்டிக்கொண்டான். எண்ணெய் தடவி எடுத்தோம். அன்றிலிருந்து காலையில் ஒரு டம்ளர், பொழுதோட வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு. நடுவில் ஒன்றும் கிடையாது.

சகாயத்திடம் சொன்னேன். கட்டின பாவத்துக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். "ஏனுங்க, அழுத புள்ளைதானுங்க பால் குடிக்கும். நீங்க இளிச்சுக்கிட்டே நின்னா யாரு குடுப்பாங்க?" என்றாள்.

ஜூலை 21, திங்கள்

இடுப்பில் வலி இருந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமை டவுனில் ஸ்கேன் பார்த்தேன். சிறுநீரகத்தில் கல் இருக்கிறதாம். "தண்ணி நெறையக் குடிங்க சார், ரெண்டு நாள் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டர். நான் லீவு போட்டால் பள்ளிக்குப் பூட்டு போட வேண்டும் என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? சிரித்துவிட்டு வந்தேன்.

கயல்விழியை அனுப்பி ஒரு மாதம் தாண்டிவிட்டது. இன்று கேட்டுவிடுவது என்று மேடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தார். "வணக்கம்ங்க மேடம், காலை உணவு விவரம் அனுப்பிட்டேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அட கெரகமே! அதைச் சொல்லவா போன் செய்தாய்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேடம் பள்ளியைப் பார்க்க வந்தார். நேற்றே தகவல் வந்துவிட்டதால் வீட்டில் சகாயத்தின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "மேடம், எனக்கு இன்னொரு ஆசிரியர் வேணுமுங்க." சொன்னேன். "இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, எனக்கே கேக்கல" என்றாள்.

மேடம் நல்லவர். அதுதான் கஷ்டம். சிடுசிடுப்பவராக இருந்தால் சண்டையாவது போடலாம். ஜீப்பை விட்டு இறங்கியதும் பிள்ளைகளைப் பார்த்துக் கும்பிட்டார். சமீரா அவருக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்தார். சமீரா எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, ஷைமாவின் அம்மா. கணவர் ரசாக் சத்தியமங்கலத்தில் பூ வியாபாரம் செய்கிறார். கருப்புசாமி இளநீர் சீவிக் கொண்டுவந்தார். ஒன்றாம் வகுப்பு பிரவின்குமாரின் அப்பா. முன்பு தோட்டத்து வேலை, இப்போது சொந்தமாக மினி ஆட்டோ ஓட்டுகிறார்.

ஷைமா மணி அடித்தாள். ஐந்து வகுப்பும் வாசித்தது. இரண்டு அடி. ஐந்து வகுப்பும் எழுதியது. மேடம் வாயைப் பிளந்து பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். பிள்ளைகள் என்னை ஏமாற்றவில்லை. ஒருவனாவது சேட்டை செய்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது நான் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

பிறகு அவரே கேட்டார். "ஏதாச்சும் குறை இருந்தாச் சொல்லுங்க சார்."

கேட்டார். யார்மேலும் பழி போட முடியாது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லைங்க மேடம். உங்க ஆதரவு இருந்தாப் போதுமுங்க."

நான் மட்டுமா? சமீரா, "எங்க சார் ஒருத்தரே பத்துப் பேருக்குச் சமமுங்க" என்றார். கருப்புசாமி, "பையன் ஊட்டுலகூட நாங்க தட்டத்துல மணி அடிச்சாத்தான் படிக்கறானுங்க" என்று சொல்லி மேடத்தைச் சிரிக்க வைத்தார். சத்துணவு சமைக்கும் வள்ளியாத்தாள்கூட அடுப்படி வாசலிலிருந்து, "சாருக்கு நிகரு ஆருங்கம்மா?" என்றார்.

எங்கள் பக்கத்து வளர்ப்பு அப்படி. வந்தவரிடம் பஞ்சப்பாட்டு பாடுவது மரியாதை இல்லை. வயிறு காய்ந்தாலும் 'இப்பத்தானுங்க சாப்பிட்டேன்' என்போம். யாரும் பொய் சொல்லவில்லை, விருந்தாளியை உபசரித்தோம், அவ்வளவுதான். ஜீப் திரும்பிப் போனபோது எல்லாரும் கை காட்டினோம்.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு கெட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அந்தப் படம் தலைமை ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. 'ஓராசிரியர், ஐந்து வகுப்பு. பிற பள்ளிகளும் பின்பற்றத்தக்க முன்மாதிரி.' அடியில் வரிசையாகக் கைதட்டல். நானும் கும்பிடு பொம்மை ஒன்று போட்டேன்.

ஓராசிரியர். இப்படி ஒரு பெயர் எனக்கு எப்போது வைத்தார்கள்?

பொழுதோட கயல்விழி கூப்பிட்டார். "சார், வீடியோ பாத்தேனுங்க. பசங்க எவ்வளவு நல்லாப் பண்றாங்க!" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். பிறகு, "நான் இனி இங்கயேதானாமுங்க சார். 'பிரான்சிஸ் சார்தான் தனியா நல்லாப் பாத்துக்கறாரே, நீ எதுக்கு அங்க'ன்னு சொல்லிப்போட்டாங்க" என்றார். அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

நஞ்சுண்டன் சார் போன் செய்தார். மலைமேல் ஒரு சின்னப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். நானும் அவரும் ஒரே வருடம் பணியில் சேர்ந்தவர்கள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை, இன்றும் உயர்த்தவில்லை.

"ஏனுங்க சார், சௌக்கியமா? ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எங்குளுக்கு ஒரு போஸ்ட் காலியா இருக்குது, நெரப்பிக் குடுங்கன்னு வருசக்கணக்காக் கேட்டுட்டு இருக்கறேனுங்க. நேத்துப் போனேன். உங்க படத்தைப் போட்டுக் காமிச்சாங்க. 'அவரு ஒருத்தரே நடத்தறாரு, உங்ககிட்ட ரெண்டு பேரு இருந்தும் பத்தலையா?'ன்னாங்க. நாங்க உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுனோம்?"

"தப்புதானுங்க சார்" என்றேன். "அட, அதுக்குச் சொல்லலீங்க" என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தி வைத்தார். திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போக, அடுத்தவர் தலையிலும் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். இரு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, இட்டேரிப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொன்னேன். சொன்னேன். சொல்லிவிட்டால் ஆயிற்றா?

ஆகஸ்ட் 20, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம் வலி வந்தது. இதுவரை வந்த மாதிரி இல்லை. இடுப்பிலிருந்து கீழே கத்தி வைத்து இழுத்த மாதிரி. பிள்ளைகள் பார்த்தால் பயந்துவிடுவார்கள் என்று அரிசி மூட்டை வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போய், மூட்டைமேல் சாய்ந்து, துண்டை வாயில் கடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அங்கே கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஷைமா மணி அடித்தாள், ஒரு அடி. வாசிக்கும் சத்தம் வந்தது. பிறகு இரண்டு அடி, அமைதி. பிறகு மூன்று அடி, வாய்ப்பாடு. என் பள்ளிக்கூடம் அழகாக நடக்கிறது. நான் கீழே கிடக்கிறேன், ஒரு பிள்ளைகூட 'சார் எங்கே' என்று கேட்கவில்லை. கேட்காதபடிக்குப் பழக்கிவைத்தது நான்.

அப்போது வள்ளியாத்தாள் கத்தும் சத்தம். "சார்! சார்!"

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வள்ளியாத்தாள் கையில் பிரவின்குமார். கால்சட்டை தொடை வரை நனைந்து சொட்டுகிறது. கையில் சோற்றுத் தட்டு. "பாத்தரத்தை எடுத்து வச்சுப்போட்டு ஊட்டுக்குக் கெளம்புனேனுங்க. இவன் வாய்க்கா படியில நின்னு தட்டுக் கழுவீட்டு இருக்கறான். அடுத்த படியில கால வெச்சுப்போட்டானுங்க சார்! நான் சித்த முன்னாடிப் போயிருந்தா..." அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பைப்புல தண்ணி நின்னுபோச்சுங்க சார்" என்றான் பிரவின்குமார். "தட்டுல சோறு ஒட்டியிருந்துச்சு."

அடிக்கவும் கை வரவில்லை, கட்டிக்கொள்ளவும் தெரியவில்லை. அவன் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு குரல் குறைகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆண்டவரே, ஒன்றும் ஆகவில்லை. ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா? அந்தப் புள்ளை அந்தத் தண்ணியில... நான் மூட்டை மேல படுத்துக் கெடந்திருக்கேன். படுத்துக் கெடந்திருக்கேன்டா பிரான்சிஸு.

ஆகஸ்ட் 21, வியாழன்

பள்ளி நடந்தது. நான் மணிக் கம்பியைத் தொடவில்லை. ஷைமாதான் அடித்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் கருப்புசாமியின் மினி ஆட்டோ. சட்டையைப் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிடித்தால் பிடிக்கட்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் உள்ளே போனேன். மனுசன் ஒரு தார் வாழைக்காய் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சார் இருக்கக் கண்டுதானுங்க பையன் பொழச்சான். உங்க புண்ணியமுங்க."

என்னால் தாங்க முடியவில்லை. "நான் அங்க இல்லீங்க கருப்புசாமி" என்றேன். "வலி வந்து உள்ள படுத்துக் கெடந்தேன். உங்க பையன் வெளிய போனது எனக்குத் தெரியாது. காப்பாத்துனது வள்ளியாத்தா. நீங்க என்னைக் கும்பிடாதீங்க."

அவர் உட்கார்ந்தார். சகாயம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போகும் வரை அவர் அதைத் தொடவில்லை.

"அன்னைக்கு மேடம் கேட்டாங்களேங்க, குறை இருக்குதான்னு" என்றார் கடைசியில்.

"நாந்தான் இல்லைன்னேன்."

"நானும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தேனுங்களே." காப்பியைக் கையில் எடுத்தார். "ஊடு தேடி வந்தவங்ககிட்ட எப்படிங்க சார் மூஞ்சியைக் காமிக்கறது?"

"மூஞ்சியைக் காமிக்க வேண்டாமுங்க. இருக்கறதைச் சொல்லலாமல்லங்க."

யோசிக்கிறேன் என்றார். போகும்போது வாழைத்தாரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அது மட்டும் கேட்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளை மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். மேடமும் கூட வருகிறார். எங்கள் 'முன்மாதிரி'யை முறையாகப் படம் எடுத்து மாவட்டம் முழுக்கக் காட்டப் போகிறார்களாம். மாவட்டம் முழுக்க! இன்னும் எத்தனை நஞ்சுண்டன்கள்?

பிள்ளைகளைக் கெட்டவர்களாக நடிக்கச் சொல்ல மாட்டேன். அது பாவம். ஐந்தாம் வகுப்பை மட்டும் கூப்பிட்டுச் சொன்னேன்: "நாளைக்கு நீங்க யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். மணியும் வேண்டாம். உங்க பாடத்தை நீங்க படிங்க, நான் சொல்லித் தர்றேன்."

ஷைமா முழித்தாள். "அப்ப ஒண்ணாப்புப் பசங்களுக்கு யாருங்க சார்?"

"நான் ஒருத்தன்தானே கண்ணு. நாளைக்கு அதை அவங்களும் பாக்கட்டும்."

பின்னங்களை எடுத்தேன். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று ஷைமாவிடம் கேட்டேன். தெரியவில்லை. என் கெட்டிக்காரிக்குத் தெரியவில்லை. ஜூனிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு அவள் பாடத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவளும் சம்பளமில்லாத டீச்சராகத்தானே இருந்திருக்கிறாள். இது என் கண்ணில் இத்தனை நாள் படவே இல்லையே.

பயமாக இருக்கிறது. ஓய்வுக்குக் கொஞ்ச வருடம்தான். எங்காவது தூக்கிப் போட்டுவிட்டால்? சகாயத்திடம் கேட்டேன். "போட்டா அங்கயும் ஒரு பள்ளிக்கூடம் இருக்குமல்லங்க?" என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

சொல்லிவிட்டேன்.

முறையாக எழுதுகிறேன். கார் வந்தபோது நான் நாலு, ஐந்து வகுப்புகளுக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு வாத்தியார் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும், அப்படியே இருந்தேன். அடுத்த அறையில் இரண்டாம் வகுப்பில் பென்சிலுக்குச் சண்டை. ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி அழுகை. ஒருவன் பெஞ்சுமேல் ஏறி நிற்கிறான். இரண்டு பேர் வராந்தாவில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டே பெரிய அதிகாரியின் காலில் போய் மோதினார்கள்.

"என்ன சார் இது? வீடியோல பாத்த ஸ்கூல்தானா?" என்றார்.

மேடத்தின் முகம் கறுத்துவிட்டது. "பிரான்சிஸ் சார், மணி அடிக்கச் சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னார். ஷைமா என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"மேடம், குறை இருக்குதுங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது, தவளை மாதிரி வந்தது. ஆனால் வந்துவிட்டது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. வலி வந்து கீழே கிடந்ததைச் சொன்னேன். பிரவின்குமார் வாய்க்காலில் இறங்கியதைச் சொன்னேன். மணி அடித்தால் பிள்ளைகள் வாசிப்பார்கள், ஆனால் ஒருத்தன் இல்லை என்பது மணிக்குத் தெரியாது என்றேன். ஷைமாவுக்குப் பின்னம் தெரியாது என்றேன். அந்தப் படத்தைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள் என்றேன். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சமீராவும் பேசினார். "நாங்க வெள்ளெனப் பூப் பறிக்கப் போயிர்றோமுங்க. புள்ளைங்களை நம்பி உடறது இங்கதான். சாரை நம்பறோம். ஆனா சாரு ஒருத்தருங்க." பத்துப் பேருக்குச் சமம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அப்புறம் கருப்புசாமி. வழக்கம்போல இளநீர் சீவிக் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"இளநி குடிங்க சார். குடிச்சுப்போட்டு, ஒரு வாத்தியாரைக் குடுத்துப்போட்டுப் போங்க."

பெரிய அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். படம் எடுக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒரு போனும் இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மேடம் பேசினார். "என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமல்லங்க சார்? அன்னைக்குக் கேட்டனே" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். "அன்னைக்கு எனக்குச் சொல்ல வரலைங்க மேடம். மன்னிச்சுக்குங்க" என்றேன். "மேல கோவமா இருக்காங்க. பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

பார்க்கலாம் என்றால் எதைப் பார்க்கலாம்? ஆளைத் தருவதையா, என்னை மாற்றுவதையா? இன்று எரிவாயுக்காரன் போனுக்கு 'சொல்லுங்க மேடம்' என்றேன்.

வள்ளியாத்தாள் வேலை முடிந்தாலும் வீட்டுக்குப் போகாமல் பள்ளி விடும் வரை இட்டேரி முனையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார். யாரும் சொல்லவில்லை. அவருக்கும் சம்பளம் தர ஆளில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி. புது டீச்சர் வந்துவிட்டார்!

காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பெயர் இஃப்ரா. சின்ன வயது. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை அவரிடம் கொடுத்தேன். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து ஒரு பெரிய ஆளின் குரல் கேட்டது. கதை சொல்கிறார், குட்டிகள் சிரிக்கிறார்கள். சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நாளாகிவிட்டது! நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஷைமா பெஞ்சில் உட்கார்ந்து, தன் நோட்டில், தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"இதுக்கு முன்னால எங்க இருந்தீங்கம்மா?"

"மலை மேலங்க சார். நஞ்சுண்டன் சார் ஸ்கூல்ல."

"அப்ப அங்க இப்ப?"

"சார் மட்டுந்தானுங்க" என்றார். தட்டைப் பார்த்தபடியே, "பசங்க ரொம்ப அழுதாங்க சார்" என்றார்.

கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். இன்னொருத்தர் இலையிலிருந்து எடுத்து என் இலையில் வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்ப மனம் வருமா? வராது. பிரவின்குமார் அவர் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பணியில் சேர்ந்ததற்கான தாளில் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன். வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் நஞ்சுண்டன் சாருக்குப் போன் செய்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன்.

"அந்தப் புள்ளை நல்லபடியா வந்து சேந்துச்சுங்களா சார்?" என்றார். "கொஞ்சம் பயந்த சுபாவமுங்க. ஆனா ஒண்ணாப்புக்கு அவ்வளவு நல்லா எடுக்கும். பாத்துக்குங்க."

"சார், நான் கேட்டது இப்படி இல்லீங்க..."

"தெரியுமுங்க, தெரியுமுங்க." பேச்சை மாற்றினார். "அந்தப் பெரிய அதிகாரிகிட்ட நீங்க நேருக்கு நேராச் சொன்னீங்களாமா. எல்லாரும் பேசிக்கறாங்க. எனக்கு அது வராதுங்க சார். டீச்சரை எடுத்துக்கறோம்னு போன் பண்ணுனப்பக்கூட 'சரிங்க மேடம்'னுதான் வாயில வந்துச்சு. எப்படிங்க சொன்னீங்க?"

"'குறை இருக்குதுங்க'ன்னு சொன்னேனுங்க. வேற ஒண்ணும் இல்லை. எங்க, ஒருக்காச் சொல்லுங்க பாக்கலாம்."

"இப்பவா?"

"இப்பத்தானுங்க. வியாழக்கெழம தலைமை ஆசிரியர் கூட்டமல்லங்க. நீங்க எந்திரிக்கறப்ப நானும் பக்கத்துல எந்திரிச்சு நிக்கறேன். எனக்கு வந்த ஆளு அங்கிருந்து எடுத்த ஆளுன்னு நான் சொல்றேன். உங்களுதை நீங்க சொல்லோணும்."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம். தொண்டையைச் செருமினார்.

"மேடம்... கொஞ்சம் குறை இருக்குதுங்க."

"'கொஞ்சம்' வேண்டாமுங்க சார்" என்றேன். "மறுக்காச் சொல்லுங்க."